நாற்பதாவது செகண்ட்

கொளத்தூருக்கு ஞானம் தேடி யாரும் வருவதில்லை. மீன் தேடித்தான் வருவார்கள். தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடைகள். ஞாயிற்றுக்கிழமையானால் மீனும் தண்ணீரும் காற்றுமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிற கூட்டம். அங்கே மீன் தீவனக் கடை ஒன்றின் மாடியில் ஷமீமாவின் அறை இருந்தது.

ஷமீமாவுக்கு முப்பத்தொரு வயது. கடைக்காரர்களுக்காகத் தொட்டி மீன்களை வீடியோ எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். அவள் கேமராவில் சாதாரண கப்பி மீன்கூட ராஜ வீட்டுப் பிள்ளை மாதிரி வாலை விரித்துக்கொண்டு போகும். எப்படி எடுக்கிறாய் என்று கேட்டால் அதிகம் பேச மாட்டாள். எதையாவது செய்து காட்டுவாள். புரியவில்லையென்றால் மறுநாள் இன்னொரு தரம் செய்வாள். அதில் மட்டும் அவளிடம் கஞ்சத்தனம் கிடையாது.

ஓர் ஆடி மாதக் காலையில் குழந்தைவேலு மாடி ஏறி வந்தார். அறுபத்து மூன்று வயது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் முப்பத்தாறு வருஷம் இரும்பு கடையும் லேத் ஓட்டியவர். ஏறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். கழுத்தில் ஒரு பெரிய கேமரா தொங்கியது. கையில் ஒரு நோட்டு.

"கண்ணாடியில என் உருவம் விழாம மீனை எப்படி எடுக்கிறது? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்," என்றார்.

"முதல்ல உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வந்தது மறந்துவிடும் என்பது போல நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவர் மனைவி அம்சவேணிக்கு ரத்தத்தில் நோய். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறை ஒன்றில் வைத்து மருந்து ஏற்றுகிறார்கள். மகள் தாமரை மட்டும் கூட இருக்கலாம். இருமல்காரரான குழந்தைவேலு அந்த மாடி வராண்டாவுக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முடி கொட்டிய பிறகு அம்சவேணி வீடியோ காலில் முகம் காட்ட மறுத்துவிட்டாள். குரல் மட்டும் வரும். அதுவும் இரண்டே வார்த்தை.

"'சாப்ட்டீங்களா'ன்னு கேப்பா. 'ம்'னு சொல்வேன். 'நீ?'ம்பேன். 'ம்'னு சொல்வா. அவ்வளவுதான். ஆனா அவ சாப்பிடறதில்லை. தட்டைத் தள்ளி வெச்சுடறாளாம். அடுத்த ரவுண்டு மருந்து ஏத்த உடம்புல தெம்பு வேணும், பத்து நாள் டைம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"மீன்?"

"அவளோட மீன். ஹால்ல நாலடித் தொட்டி. நாலு கோல்டு ஃபிஷ். என்னைக் கேட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவ ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கா. போட்ட தீனிக்கு எப்பவும் லேட்டா வர்ற ஒண்ணுக்குக் கலெக்டர்னு பேரு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது. "மீனைக் காட்டச் சொன்னா. போன்ல எடுத்து அனுப்பினேன். அசிங்கமா இருக்கு. கண்ணாடி முழுக்க டியூப்லைட்டும் என் பனியனும்தான் தெரியுது. மருமகன் கேமரா பீரோவுல சும்மா கிடந்தது. நல்லபடியா எடுத்து அனுப்பினா, பார்த்து மனசு தேறி நாலு வாய் சாப்பிடுவாள்ல?"

"அந்தப் போன் வீடியோவைக் காட்டுங்க."

"வேணாம் வாத்தியாரம்மா. வெக்கமா இருக்கு."

ஷமீமா வற்புறுத்தவில்லை. அன்று அவள் செய்த தப்பு அதுதான். பின்னால் அவளே அதை ஒப்புக்கொண்டாள்.

"வாத்தியாரம்மால்லாம் வேண்டாம் சார். எனக்கு உங்க பொண்ணு வயசு."

"லேத்துல எனக்குக் கத்துக் குடுத்தவரு என்னைவிட ரெண்டு வயசு சின்னவரு. அவரையும் வாத்தியாருன்னுதான் கூப்பிட்டேன்," என்றார் குழந்தைவேலு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் நாள் பாடம் சீக்கிரம் ஆரம்பித்தது. அவரைத் தொட்டி முன்னால் நிறுத்தினாள்.

"என்ன தெரியுது?"

"என் வெள்ளைச் சட்டை."

அறை விளக்கை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். தொட்டிக்குள் இருந்த விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு கறுப்புத் துணியை எடுத்து, நடுவில் இருந்த ஓட்டை வழியாக லென்ஸை வெளியே நீட்டி, மீதித் துணியை அவர் மார்பு மறையத் தொங்கவிட்டாள்.

"இப்ப?"

"மீன்." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "நான் இல்லை."

நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியது மட்டுமில்லை, பக்கத்திலேயே ஒரு படமும் போட்டு அளவும் குறித்தார். கண்ணாடிக்கு நேராக நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் மீன் கோணும் என்றாள். அதற்கும் ஒரு படம் போட்டு, தொண்ணூறு டிகிரி என்று எழுதினார்.

ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு செகண்டாக வைக்கச் சொன்னாள். இல்லாவிட்டால் விளக்கு துடிப்பது படத்தில் பட்டை பட்டையாக ஓடும் என்றாள். இதை மட்டும் அவர் எழுதவில்லை.

"இது எனக்குத் தெரியும் வாத்தியாரம்மா. டியூப்லைட்டுல சுத்தற லேத் சில நேரம் நிக்கிற மாதிரி தெரியும். நிக்குதுன்னு நம்பிக் கை வெச்சு எங்க பட்டறையில ஒருத்தன் விரலை விட்டான். வெளிச்சமும் பொய் சொல்லும்."

ஷமீமா அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கும் அவரிடம் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் அவர் மீனைத் துரத்தித் துரத்தி ஃபோகஸ் வளையத்தைத் திருகினார். மீன் இடது பக்கம் போனால் கேமரா இடது பக்கம் போயிற்று. அவர் திரும்புவதற்குள் மீன் வலது பக்கம் போயிற்று. பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஷமீமா அவர் கையை வளையத்திலிருந்து எடுத்தாள். தொட்டிக்குள் இருந்த ஒரு செடியின் இலையில் ஃபோகஸை வைத்தாள். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள். உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். அவள் பாதி டீ குடிப்பதற்குள் ஒரு மீன் தானாக அந்த இலையருகே வந்து நின்றது.

"கேமராவுக்கு ஒரு நேரத்துல ஒரு தூரம்தான் தெளிவாத் தெரியும் சார். எந்தத் தூரம்னு நாம முடிவு பண்ணணும். அப்புறம் காத்திருக்கணும்."

குழந்தைவேலு அதையும் எழுதினார். அவர் டீயைக் குடிக்கவில்லை என்பதை ஷமீமா கவனித்தாள். பக்கத்தில் வைத்த பிஸ்கட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் கறுப்புச் சட்டை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன சாமி, ஆடி மாசமே மாலை போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்களாம். அன்று மோட்டாரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள். ஏர் மோட்டார் ஓடினால் குமிழி வந்து படத்தைக் கெடுக்கும். எடுக்கிற ஐந்து நிமிஷம் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

"நிறுத்தின உடனே உங்க வீட்டுச் சாவியை அந்த சுவிட்ச்சுல மாட்டிடுங்க," என்றாள்.

எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில், அவள் கதவைத் திறக்கும் முன்பே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கேமராவை நீட்டினார்.

அவள் பார்த்தாள். கறுப்பான பின்னணி. சுத்தமான தண்ணீர். நான்கு மீன்களும் மேலே ஒரே வரிசையில் வந்து நின்றன. நான்கும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடின. ஏதோ பஜனை பாடுவது போல இருந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு குமிழி இல்லை. முகம் தெரியாத ஒருவர் பார்த்தால் கைதட்டியிருப்பார்.

ஷமீமா கைதட்டவில்லை.

"எவ்வளவு நேரம் மோட்டாரை நிறுத்தினீங்க?"

"மூணு மணி நேரம்." அவர் தலை குனிந்திருந்தது. "சாவி மாட்டல. நான் எங்கேயும் வெளியே போகலையே, எதுக்கு மாட்டணும்னு விட்டுட்டேன். நாலும் ஒண்ணா வந்து நின்னதும் கடவுளே கொண்டுவந்து நிறுத்தினார்னு நினைச்சேன். உடனே தாமரைக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல போன் வருது. 'அப்பா, அம்மா மோட்டாரைப் போடச் சொல்றாங்க. மீனு மூச்சுக்குத் தவிக்குதாம்.' ஓடிப் போய்ப் போட்டேன். பொழைச்சுடுச்சு. நாலும் பொழைச்சுடுச்சு."

பிறகு, "மூணு மணி நேரம் நான் கண்ணெடுக்காமப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஏன் தெரியல?" என்று கேட்டார்.

"என்ன பார்த்தீங்க?"

"ஃபோகஸ் சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"அம்மா?"

"மீனைப் பார்த்திருக்கா."

அவர் கண் கலங்கியது. அழுதால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டார். அதைப் பார்க்க ஷமீமாவுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் ஒரு காலித் தொட்டியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல பதினோரு டிஸ்கஸ் மீன் இருந்துச்சு சார். நானும் இதே மாதிரி மோட்டாரை நிறுத்தினேன். படம் நல்லா வந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன். பதினொண்ணுல ஒண்ணுகூட மிஞ்சல. அதுக்கப்புறம்தான் சாவி மாட்ட ஆரம்பிச்சேன். இதை உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் காலித் தொட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வீட்டுச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திரும்ப எடுக்கறேன்," என்றார்.

ஏழாம் நாள் சரியான படம் அமைந்தது. சாவி சுவிட்ச்சில் தொங்க, மோட்டார் ஐந்தே நிமிஷம் நின்றது. செடிக்குப் பக்கத்தில் கலெக்டர் தாமதமாக வந்து, திரும்பி, செதிள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய நின்று, மெதுவாகப் போயிற்று. ஷமீமாவே இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

"என்னைவிட நல்லா எடுத்திருக்கீங்க," என்றாள். பொய்யில்லை, அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குழந்தைவேலு லேத்தில் முதல் உருப்படி கடைந்து முடித்த நாளில் எப்படி இருந்திருப்பாரோ அப்படிப் படி இறங்கிப் போனார்.

எட்டாம் நாள் பகலில் திரும்பி வந்தார். படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். கறுப்புச் சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத சட்டை.

"எங்கே தப்பு பண்ணினேன் வாத்தியாரம்மா?"

"என்ன ஆச்சு?"

"பார்த்தாளாம். ஒரே ஒரு தரம். 'நல்லா இருக்கு, கடைக்காரன் படம் மாதிரி இருக்கு'ன்னு சொன்னாளாம். அப்புறம், 'அந்தப் பழைய போன் வீடியோவைப் போடு'ன்னு கேட்டிருக்கா. அதைத்தான் தினமும் பார்க்கிறாளாம். இவ்வளவு நாள் தாமரை என்கிட்டச் சொல்லல, நான் வருத்தப்படுவேன்னு. ராத்திரியும் சாப்பிடல, காலையிலயும் சாப்பிடல." அவர் நோட்டைத் திறந்தார். "நீங்க சொன்னது அத்தனையும் பண்ணினேன். ஒவ்வொண்ணா டிக் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட விடல. அசிங்கமான படத்தை எதுக்குப் பார்க்கிறா? நாளன்னிக்கு டாக்டர் வருவார். அதுக்குள்ள அவ சாப்பிடணும்."

ஷமீமா நோட்டை வாங்கி மூடினாள்.

"மகளுக்குப் போன் போடுங்க."

தாமரையின் குரல் தாழ்ந்து வந்தது. பக்கத்தில் அம்மா தூங்குகிறாள் போலிருக்கிறது.

"அம்மா அந்த வீடியோவை முழுசாப் பார்க்கிறாங்களா?" என்று ஷமீமா கேட்டாள்.

"இல்லக்கா. நாப்பதாவது செகண்ட்ல நிறுத்திடுவாங்க. தினமும் அதே இடம்தான். நிறுத்திட்டு, விரலால பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்ப்பாங்க. அதுல ஒண்ணுமே இல்லக்கா. மீன்கூட இருக்காது. நானும் கேட்டேன், 'என்னம்மா பார்க்கிற'ன்னு. பதிலே சொல்ல மாட்டேங்கிறாங்க. அப்புறம் போனைக் குடுத்துட்டு, தட்டையும் தள்ளி வெச்சுடுவாங்க."

குழந்தைவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். "மீனே இல்லாத இடத்தை எதுக்குப் பார்க்கிறா?"

ஷமீமா கையை நீட்டினாள். முதல் நாள் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டாள்.

"அந்த வீடியோவைக் குடுங்க சார்."

வேறு வழியில்லாமல் போனைக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தாள். படம் ஆடியது. டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் கோடாக விழுந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று மங்கலாகக் குறுக்கே போயிற்று. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. மீன் ஒதுங்கிப் போய்த் தொட்டி காலியானது. நாற்பதில் நிறுத்தினாள்.

காலியான தண்ணீரில் குழந்தைவேலு நின்றார். பனியன் போட்டிருந்தார். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார். தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. ஒரு வாரத் தாடி. விரலால் பெரிசு பண்ணினாள். அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேடையில் எல்லாப் பாத்திரங்களும் கவிழ்த்து வைத்திருந்தன. அடுப்பு பளபளவென்று இருந்தது. சுவர்க் கடிகாரம் இடம் வலம் மாறித் தெரிந்தது; மாற்றிப் படித்தால் மணி ஒன்றரை.

ஷமீமா போனை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சார், நீங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்ட்டேன்."

"என்ன?"

"பன்னு."

"நேத்து?"

அவர் நழுவிய சட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வீட்டுல அம்மா எப்பச் சாப்பிடுவாங்க?"

"அவளா?" இந்தக் கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல்ல மீனுக்குத் தீனி போடுவா. அப்புறம் எனக்குப் பரிமாறுவா. நான் கை கழுவினதுக்கப்புறம்தான் அவ தட்டைப் போடுவா. முப்பத்து நாலு வருஷமா இதே ஆர்டர்தான். ஒரு தரம் ஓவர்டைம்னு சொல்லாம நின்னுட்டேன். மறுநாள் காலையில வந்து பார்க்கிறேன், பட்டினியா உட்கார்ந்திருக்கா. எவ்வளவோ திட்டிப் பார்த்துட்டேன், மாத்திக்கவே இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஷமீமா சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு நான் வரேன்," என்றாள். "இன்னொரு தரம் எடுப்போம்."

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு அவள் போனபோது குழந்தைவேலு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். கறுப்புச் சட்டை. கறுப்புத் துணி. ஹால் விளக்கு அணைத்து, ஜன்னல் சாத்தி, சுவிட்ச்சில் சாவி. தொட்டிக் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வைத்திருந்தார்.

ஷமீமா ஒரு பையைக் கீழே வைத்தாள். பிறகு வரிசையாகச் செய்துகொண்டே போனாள். சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்து மோட்டாரைப் போட்டாள். தொட்டியில் குமிழிகள் கிளம்பின. ஜன்னலைத் திறந்தாள். டியூப்லைட்டைப் போட்டாள். லென்ஸிலிருந்து கறுப்புத் துணியை உருவி மடித்து வைத்தாள்.

"வாத்தியாரம்மா, கண்ணாடியில எல்லாம் விழுமே!"

"சட்டையைக் கழட்டிட்டு வீட்டுல எப்பவும் போடறதைப் போட்டுக்கங்க."

அவர் பனியனோடு வந்து நின்றார். நோட்டைத் தேடினார். அவள் நோட்டை எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டாள்.

கேமராவை ஸ்டாண்டில் மாட்டித் தொட்டிக்கு எதிரே நிறுத்தினாள். அதற்குப் பக்கத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். திரையை அவருக்குத் தெரியும்படி திருப்பினாள். மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருகினாள். மீன்கள் மங்கின. தொட்டிக்கு உள்ளே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், பனியன் போட்ட ஒருவர் தெளிந்து வந்தார்.

குழந்தைவேலு திரையைப் பார்த்தார். முன்னால் குனிந்து பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். திரையில் இருந்தவரும் தொட்டார்.

"நானா இது?"

ஷமீமா பழைய போன் வீடியோவை எடுத்து, நாற்பதாவது செகண்டில் நிறுத்தி, அவர் மடியில் வைத்தாள். சமையலறை இருந்த இடத்தை மட்டும் விரலால் பெரிசு பண்ணிக் காட்டினாள்.

அவர் கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் மயிரிழைக் கணக்கில் அளந்து பழகிய கண்ணுக்கு இது இன்றுவரை தெரியவில்லை. எங்கோ கண்ணாடி அறையில் படுத்திருந்தவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

"அப்ப நான் சாப்ட்டேன்னு சொன்னதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. இந்தத் தடவை அவர் அடக்கவில்லை. அழுதார், இருமினார், மறுபடி அழுதார். ஷமீமா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"முதல் நாளே உங்ககிட்ட இதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கணும் சார். என்மேலயும் தப்பு இருக்கு. உங்களை இல்லாம ஆக்கறதுக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நேராவே என்னை எடுத்துடலாமே? எதுக்குக் கண்ணாடியில?"

"நேரா வெச்சா கேமராவைப் பார்த்துச் சிரிப்பீங்க. 'நல்லா இருக்கேன்'னு சொல்வீங்க. அவங்க நம்ப மாட்டாங்க. அதுவுமில்லாம மீனும் வேணும். அதுதானே முதல்ல?"

பையைத் திறந்தாள். தூக்குச் சட்டியில் சாதம், சாம்பார். வாழைக்காய்ப் பொரியல். ஒரு சின்னக் கிண்ணத்தில் தயிர். அவரே அடுக்களைக்குள் போய்க் கவிழ்த்திருந்த தட்டில் ஒன்றை எடுத்து நிமிர்த்திக் கழுவிக்கொண்டு வந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். கை தானாகச் சோற்றுக்குப் போயிற்று. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எழுந்து தொட்டிக்குப் போனார். டப்பாவைத் திறந்து தீனி போட்டார். மூன்று மீன்கள் பாய்ந்து வந்தன. நான்காவதற்காகக் காத்திருந்தார். அது வந்து வாய் வைத்த பிறகுதான் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

ஷமீமா பொத்தானை அமுக்கினாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்தார். முதல் கவளம் தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது. இரண்டாவது கொஞ்சம் சுலபமாக இறங்கியது. கண்ணாடியில் அவர் சாப்பிடுவது தெரிந்தது. அவர் மார்பின் குறுக்கே ஆரஞ்சு நிறம் ஒன்று மங்கலாகப் போய்வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துரத்தவில்லை.

அப்போது அவருக்குள் இருந்த பழைய பட்டறைக்காரர் விழித்துக்கொண்டார். எதற்கும் ஓர் அளவு வேண்டும். ஒரு ஷாட் பத்து செகண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அவள் சொல்லி நோட்டில் எழுதியிருந்தார். நிமிஷம் நான்கு ஆகிவிட்டது. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எவ்வளவு நேரம் ஓடணும் வாத்தியாரம்மா?"

"நீங்க கை கழுவுற வரைக்கும் சார். அதுக்கப்புறம்தானே அம்மா தட்டைப் போடுவாங்க."